வேலையை விடுவதா, ஒரு குரூப்பைத் தள்ளிவைப்பதா?

திருப்பூரில் ஆடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் பணியாற்றும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய பெயரையும் நிறுவனத்தை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

வயது 31. மூன்று வயதில் ஒரு மகள். கணவரும் வேலைக்குப் போகிறார், மாமியார் உடன் இருக்கிறார். சி.ஏ. படிப்புக்கான ஆர்டிகிள்ஷிப் பயிற்சியை முடித்து இந்த நிறுவனத்தில் சேர்ந்து நான்கு ஆண்டு இரண்டு மாதம் ஆகிறது. மாதச் சம்பளம் 38,000 ரூபாய். காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு ஏழரைக்குத்தான் வீடு. பட்டயக் கணக்காளர் ஆவதற்கான சி.ஏ. ஃபைனல் தேர்வை, மும்மூன்று தாள்கள் கொண்ட இரண்டு குரூப்பும் சேர்த்து மூன்றாவது முறையாகச் சென்ற மே மாதம் எழுதியிருக்கிறார். முதல் குரூப்பில் ஃபைனான்ஷியல் ரிப்போர்ட்டிங் (எஃப்.ஆர்.) 44, அட்வான்ஸ்டு ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்ட் 61, ஆடிட் 43, மொத்தம் 148. இரண்டாவது குரூப்பில் நேரடி வரி 36, மறைமுக வரி 57, இன்டகிரேட்டட் பிசினஸ் சொல்யூஷன்ஸ் 45, மொத்தம் 138.

“இரண்டே மதிப்பெண்ணில் ஒரு குரூப் போய்விட்டது. மறுகூட்டலுக்குப் போட்டால் கிடைத்துவிடும் என்று தோழி சொல்கிறாள். வேலையை இந்த வாரமே ராஜினாமா செய்துவிட்டு, பி.எஃப். பணத்தை எடுத்து 70,000 ரூபாய் கட்டிப் புதிதாக வகுப்பில் சேர்ந்து, செப்டம்பரில் இரண்டு குரூப்பையும் எழுதிவிடலாமா என்று பார்க்கிறேன். படிப்பு விடுப்பு கேட்டதற்கு அப்படி ஒன்றும் இங்கே கிடையாது என்று எச்.ஆர். சொல்லிவிட்டார். மூன்று மாத நோட்டீஸ் தர வேண்டுமாம். என் பட்டப்படிப்பின் மூலச் சான்றிதழும் அவர்களிடம்தான் இருக்கிறது. சில இரவுகளில் நெஞ்சு படபடத்து விழித்துக்கொள்கிறேன். 31 வயதில் இது தேவையா, பேசாமல் செலவுக் கணக்கியல் படிப்பான சி.எம்.ஏ. பக்கம் போய்விடலாமா?” என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

கோவையில் 23 ஆண்டுகளாகப் பட்டயக் கணக்காளராகத் தொழில் செய்துவரும் நான், ஃபைனலில் ஒரு குரூப்பை மூன்று மதிப்பெண்ணில் தவறவிட்டு, வேலைக்குப் போய்க்கொண்டே அடுத்த ஆண்டு எழுதித் தேறியவன். ஆகவே உங்கள் கடிதத்தின் மதிப்பெண் பட்டியலைப் படித்தபோது எனக்கு அது புள்ளிவிவரமாகத் தெரியவில்லை. ஆனால் உங்கள் திட்டத்தில் எனக்கு உடன்பாடில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்டிருப்பது வேலையா படிப்பா என்ற கேள்வி. உங்கள் மதிப்பெண்களும் உங்கள் அலுவலகக் காலண்டரும் கேட்பதோ, எந்த குரூப், எந்த மாதம் என்ற கேள்வி.

ராஜினாமாவையே எடுத்துக்கொள்வோம். இது ஜூலை. இன்று கடிதம் கொடுத்தால், மூன்று மாத நோட்டீஸ் முடிந்து நீங்கள் விடுவிக்கப்படுவது அக்டோபரில். செப்டம்பர் தேர்வு அதற்கு முன்பே முடிந்திருக்கும். அதாவது, எந்தத் தேர்வுக்காக வேலையை விடுகிறீர்களோ அந்தத் தேர்வை வேலையில் இருந்துகொண்டே, அதுவும் விலகப்போகிறவர் என்று எல்லோருக்கும் தெரிந்த நிலையில், எழுத வேண்டியிருக்கும். உடனே வெளியேற வேண்டுமென்றால் நோட்டீஸ் காலத்துக்கான சம்பளத்தைக் கட்டும்படி நிறுவனம் கேட்கலாம். மூன்று மாதத்துக்கு அது 1,14,000 ரூபாய். உங்கள் பணி நியமன ஆணையில் அந்தத் தொகை முழுச் சம்பளத்தின் பேரிலா அடிப்படைச் சம்பளத்தின் பேரிலா என்று எழுதியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். எப்படிக் கணக்கிட்டாலும் செப்டம்பருக்கு முந்தைய ஏழெட்டு வாரங்களுக்காக அந்த விலையைக் கொடுப்பது சரியான பேரமாக எனக்குத் தெரியவில்லை.

61 என்ற எண்ணின் மதிப்பு

நீங்கள் இரண்டு மதிப்பெண் போனதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். 61 வாங்கியதைப் பற்றி ஒரு வரி. நான் இதைத் தலைகீழாக எழுதியிருப்பேன்.

ஒரு குரூப்பின் எல்லாத் தாள்களையும் எழுதி, தேறாமல் போனாலும், எந்தத் தாளில் 60 அல்லது அதற்கு மேல் வாங்கினீர்களோ அந்தத் தாளை மறுபடி எழுத வேண்டியதில்லை என்ற எக்ஸெம்ப்ஷன் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்பதில் பலரும் தடுமாறுகிறார்கள். அந்த 61 உங்கள் குரூப் மொத்தத்தில் சேர்ந்தே கணக்கிடப்படும். குரூப் தேற 300க்கு 150 வேண்டும். 61 போக, எஃப்.ஆர். தாளிலும் ஆடிட் தாளிலும் சேர்த்து நீங்கள் வாங்க வேண்டியது 89, ஒவ்வொன்றிலும் 40க்குக் குறையாமல். சென்ற முறை இந்த இரண்டிலும் சேர்த்து 87 வாங்கியிருக்கிறீர்கள், அதுவும் ஆறு தாள்களுக்கும் ஒரே சமயத்தில் படித்துக்கொண்டு.

இந்தச் சலுகை அடுத்த மூன்று தேர்வுகளுக்கு உரியது. ஆண்டுக்கு இரண்டு முறை மட்டும் தேர்வு நடந்த காலத்தில் மூன்று தேர்வு என்றால் ஒன்றரை ஆண்டு. 2025 முதல் ஃபைனல் தேர்வு ஜனவரி, மே, செப்டம்பர் என்று ஆண்டுக்கு மூன்று முறை நடக்கிறது. ஆகவே அதே மூன்று வாய்ப்புகள் இப்போது ஒரே ஆண்டில் கரைந்துவிடும். நீங்கள் எழுதினாலும் எழுதாவிட்டாலும் அந்தக் கணக்கு ஓடும். உங்களைப் பொறுத்தவரை அவை வரும் செப்டம்பர், அதற்கடுத்த ஜனவரி, மே. அதன் பிறகும் எக்ஸெம்ப்ஷனைத் தொடர வழி இருக்கிறது, ஆனால் அப்போது மீதித் தாள்கள் ஒவ்வொன்றிலும் 50 எடுக்க வேண்டும். இன்று 89 போதும் என்று இருக்கும் இடத்தில் அன்றைக்கு 100 வேண்டியிருக்கும். எஃப்.ஆர். தாளில் 49ம் ஆடிட்டில் 60ம் வாங்கினால்கூடத் தேற முடியாது.

எனவே அடுத்த பத்து மாதங்களில் உங்கள் முதல் கடமை முதல் குரூப். இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதினால் ஒன்றின் உபரி மற்றொன்றின் குறையை ஈடுகட்டும் என்று நம்பி மூன்று முறையும் அப்படியே எழுதியதாகச் சொல்கிறீர்கள். விதி உண்மைதான். ஒரே அமர்வில் எழுதினால் 600க்கு 300 என்ற மொத்தக் கணக்கில் தேறலாம். ஆனால் எல்லாத் தாள்களிலும் 40க்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. நேரடி வரியில் 36 வாங்கிய அன்றே அந்த வாசல் உங்களுக்கு மூடிவிட்டது. அது திறந்திருந்தாலும் ஈடுகட்ட உபரி எந்த குரூப்பிலும் இல்லை. குரூப்பைப் பிரித்து எழுதுவது தரக்குறைவு என்ற எண்ணமும் உங்கள் கடிதத்தில் அங்கங்கே தலைகாட்டுகிறது. ரேங்க் பட்டியலுக்குத்தான் ஒரே அமர்வு தேவை. தேர்வை நடத்தும் இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகத்தில் உறுப்பினராகும்போது கிடைக்கும் சான்றிதழில் எத்தனை முறை எழுதினீர்கள் என்று அச்சிடுவதில்லை.

மறுகூட்டல் பற்றி

தோழி சொன்னதில் ஒரு குழப்பம் இருக்கிறது. கழகம் செய்வது சரிபார்ப்பு. மறுமதிப்பீடு கிடையாது. எழுதிய விடை ஏதேனும் திருத்தப்படாமல் விட்டிருக்கிறதா, கூட்டலில் பிழை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உங்கள் விடைக்கு நான்கு மதிப்பெண் கொடுத்திருக்க வேண்டும், இரண்டு கொடுத்துவிட்டார்கள் என்ற வாதத்துக்கு அங்கே இடமில்லை. விண்ணப்பிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை, இரண்டு மதிப்பெண் என்னும்போது யாருக்கும் மனம் கேட்காது. ஆனால் அந்த முடிவுக்காகக் காத்திருந்து ஒரு மாதத்தைக் கடத்திவிடாதீர்கள்.

அதைவிடப் பயனுள்ளது விடைத்தாளின் சான்றளிக்கப்பட்ட நகல். எஃப்.ஆர்., ஆடிட், நேரடி வரி ஆகிய மூன்றுக்கும் வாங்குங்கள். இந்தத் தாள்கள் ஒவ்வொன்றிலும் 30 மதிப்பெண் கொள்குறி வினா, 70 மதிப்பெண் விரிவான விடை. உங்கள் 43 எப்படிப் பிரிந்திருக்கிறது என்று பாருங்கள். கொள்குறியில் 24ம் விரிவான விடையில் 19ம் என்றால், உங்களுக்குப் பொருள் தெரியும், எழுதத் தெரியவில்லை என்று பொருள். 14ம் 29ம் என்றால் பாடப் பரப்பில் ஓட்டை இருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு. இதைப் பார்க்காமல் 70,000 ரூபாய்க்கு வகுப்பில் சேர்வது, ரத்தப் பரிசோதனை செய்யாமல் மாத்திரை வாங்குவதைப் போன்றது.

ஆடிட் தாளைப் பற்றி ஓர் ஊகம். கணக்குப் பிரிவில் நான்காண்டு இருந்தவர்கள் ஆடிட் விடையை அனுபவத்திலிருந்து எழுதுவார்கள். ‘கையிருப்பை நேரில் எண்ணிப் பார்க்க வேண்டும், மேலாளரிடம் கடிதம் வாங்க வேண்டும்’ என்கிற மாதிரி. எழுதியது சரியாகவே இருக்கும். ஆனால் திருத்துபவர் தேடுவது எந்தத் தணிக்கைத் தரநிலை, அது என்ன கேட்கிறது, இந்தச் சூழலில் அது எப்படிப் பொருந்துகிறது, ஆகவே தணிக்கையாளரின் முடிவு என்ன என்ற வரிசையை. நிறுவனம் தொடர்ந்து இயங்குமா என்ற ஐயம் எழும் கேள்வியில் எஸ்.ஏ. 570 என்ற தரநிலை எண்ணும், அறிக்கையில் அதன் விளைவும் இல்லாமல் ஒன்றரைப் பக்கம் எழுதினாலும் பாதி மதிப்பெண்தான் விழும். நகல் வந்ததும் கழகம் வெளியிடும் மாதிரி விடைகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். என் ஊகம் தப்பென்றால் மகிழ்ச்சி.

வேலையே பாதிப் படிப்பு என்பது எவ்வளவு உண்மை

“பகல் முழுதும் கணக்கோடுதானே இருக்கிறேன், அப்படியிருந்தும் எஃப்.ஆர். தாளில் 44 என்பது அவமானமாக இருக்கிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் அவமானப்பட ஒன்றுமில்லை. எஃப்.ஆர். தாள் முழுதும் இண்ட் ஏ.எஸ். எனப்படும் புதிய இந்தியக் கணக்கியல் தரநிலைகளைச் சுற்றியது. பட்டியலிடப்படாத நிறுவனங்களில் நிகர மதிப்பு 250 கோடி ரூபாயைத் தொட்டால்தான் அவை கட்டாயம். உங்கள் நிறுவனத்தின் அளவை நீங்கள் விவரித்திருப்பதை வைத்துப் பார்த்தால், நீங்கள் நாள்தோறும் புழங்குவது பழைய கணக்கியல் தரநிலைகளை. குத்தகையைப் பாருங்கள். உங்கள் அலுவலகத்தில் கட்டட வாடகை மாதாமாதம் செலவில் போய்விடும். இண்ட் ஏ.எஸ். 116ன்படி அதே வாடகை ஒப்பந்தம் குத்தகைதாரரின் இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாகவும் கடனாகவும் ஏறும். நான்காண்டுகளாகக் கைக்குப் பழகிப்போன பதிவு, தேர்வு அறையில் உங்களை எதிர்த்துத்தான் வேலை செய்யும். இந்தத் தாளில் உங்கள் அனுபவத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் போவதே நல்லது.

மறைமுக வரியில் நேர்மாறு. ஏற்றுமதியாளர் என்பதால் பூஜ்ய வரி வழங்கல், வரி கட்டாமல் ஏற்றுமதி செய்யத் தரும் எல்.யு.டி. உறுதிமொழி, உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெறுவது எல்லாம் உங்களுக்கு வீட்டு விஷயம். அந்தத் தாளில் 57 வந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இரண்டாவது குரூப்புக்குத் திரும்பும்போது இது உதவும்.

இரண்டாவது குரூப்பைத் தள்ளிவைப்பதில் ஓர் இழப்பு இருக்கிறது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்துக்கு 2025ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரிவு எண்கள் அனைத்தும் மாறி, ‘முந்தைய ஆண்டு’, ‘கணக்கீட்டு ஆண்டு’ என்ற இரட்டைப் பேச்சு போய் ‘வரி ஆண்டு’ என்று ஒன்றாகிவிட்டது. எந்தத் தேர்வுக்கு எந்தச் சட்டம் என்பதைக் கழகம் முன்கூட்டியே அறிவிக்கும். அந்த அறிவிப்பைப் படிக்காமல் பழைய குறிப்பேட்டைத் தூசி தட்ட வேண்டாம். நேரடி வரியில் நீங்கள் வாங்கியது 36 என்பதால், மனப்பாடம் செய்த பழைய எண்களை இழப்பது உங்களுக்குப் பெரிய சொத்திழப்பு அல்ல என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

ஏன் ஜனவரி

கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு ஒரு மாதத்தில் எத்தனை நாள் சொந்தம் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. 7ஆம் தேதி டி.டி.எஸ். கட்ட வேண்டும், ஜி.எஸ்.டி. படிவங்களில் 11ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-1, 20ஆம் தேதி 3பி. இதற்கு மேல் ஆண்டுக் காலண்டர். ஏப்ரலில் ஆண்டு முடிவுக் கணக்கு, செப்டம்பர் 30க்குள் வரித் தணிக்கை அறிக்கை, அதே நாளுக்குள் நிறுவனப் பங்குதாரர்களின் ஆண்டுப் பொதுப் பேரவை. செப்டம்பர் தேர்வு தணிக்கையாளர்கள் உங்கள் மேசையைச் சூழ்ந்து உட்கார்ந்திருக்கும் நேரத்தில் வருகிறது. மே தேர்வு ஆண்டு முடிவின் களைப்போடு வருகிறது. அக்டோபர் கடைசியில் வருமான வரிப் படிவம் போனபின், நவம்பர், டிசம்பர் மாதங்கள்தான் சற்று மூச்சு விடக்கூடியவை. டிசம்பர் 31க்குள் தர வேண்டிய ஜி.எஸ்.டி. ஆண்டு அறிக்கை ஒன்றுதான் தடை, அதை முன்கூட்டி முடிக்கலாம். ஆகவே தொழிற்சாலைக் கணக்கில் இருப்பவருக்கு ஜனவரியே உகந்த தேர்வு என்பது என் கருத்து.

படித்தது ஆறிப்போவதற்குள் செப்டம்பரிலேயே இரண்டு தாளையும் எழுதிவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். அதிலும் நியாயம் இருக்கிறது, உங்கள் நிலையில் இருபது நாள் விடுப்பு உறுதி என்றால் நானும் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் ஆகஸ்ட் கடைசியில் உங்களுக்கு ஐந்து நாள்கூடக் கிடைக்காது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இன்னொரு முறை 145 என்று வந்தால் உங்கள் மனம் என்ன ஆகும் என்பதையும் கணக்கில் எடுக்கிறேன். செப்டம்பரை விட்டாலும் 89 என்ற சலுகையில் ஜனவரி, மே என இரண்டு வாய்ப்புகள் மீதமிருக்கும். செப்டம்பர் தேர்வு முடிந்து வினாத்தாள் வெளிவந்ததும், அடுத்த ஞாயிறு பிற்பகல் இரண்டு மணிக்கு வீட்டில் உட்கார்ந்து மூன்று மணி நேரத்தில் எழுதிப் பாருங்கள்.

நேரத்துக்கு வருவோம். ஜூலை மூன்றாம் வாரத்திலிருந்து டிசம்பர் 20 வரை 22 வாரங்கள். வாரத்தில் ஐந்து காலைகள், நான்கே முக்கால் முதல் ஆறே முக்கால் வரை, இரண்டு மணி நேரம். ஞாயிறு ஐந்து மணி நேரம். வாரத்துக்கு 15 என்றால் மொத்தம் 330. செப்டம்பர் முழுதும் ஏறக்குறையப் போய்விடும், தீபாவளி வரும், குழந்தைக்கு இரண்டு முறையாவது காய்ச்சல் வரும். 80 மணி நேரம் கழித்துவிடுங்கள், 250. தேர்வுக்கு முன் 20 நாள் விடுப்பு கிடைத்து நாளுக்கு ஒன்பது மணி நேரம் படித்தால் 180. ஆக 430 மணி நேரம். இரண்டு தாள்களுக்கு என்றால் தாளுக்கு 215. ஐந்து தாள்களுக்கு என்றால் தாளுக்கு 86. இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுத முயன்ற மூன்று முறையும் என்ன நடந்தது என்பதற்கு இந்தக் கடைசி எண்ணைத் தவிர வேறு விளக்கம் தேவையில்லை.

இரவில் படிக்க முயல வேண்டாம். ஏழரைக்கு வந்து, சமையலும் குழந்தையும் முடிந்து, பத்து மணிக்குத் திறக்கும் புத்தகத்தில் கண் ஓடும், கணக்கு ஓடாது. அந்த நேரத்தைத் தூக்கத்துக்குக் கொடுத்துவிட்டுக் காலையை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஞாயிறு ஐந்து மணி நேரம் கிடைக்காது என்றால், கழகத்தின் திருப்பூர்க் கிளையில் மாணவர்கள் உட்கார்ந்து படிக்க என்ன வசதி இருக்கிறது என்று விசாரியுங்கள். வகுப்பைப் பொறுத்தவரை, மூன்று முறை எழுதியவருக்குப் புதிய வகுப்பு என்பது பெரும்பாலும் கேட்டதையே ஒன்றரை மடங்கு வேகத்தில் மறுபடி கேட்பது. கேட்கும்போது புரிகிற சுகம் இருக்கும், பேனா பிடித்த பயிற்சி இருக்காது. கழகத்தின் பாடநூல், ஆர்.டி.பி. என்னும் திருப்புதல் தாள், எம்.டி.பி. என்னும் மாதிரித் தேர்வுத் தாள், முந்தைய தேர்வுகளின் மாதிரி விடைகள் எல்லாம் இணையத்தில் இலவசம். எஃப்.ஆர். தாளில் மட்டும், நிறுவன இணைப்பு, ஒருங்கிணைந்த கணக்கு, நிதிக் கருவிகள் ஆகிய மூன்றில் ஏதாவது அடியோடு புரியவில்லை என்றால் அந்தப் பகுதிக்கு மட்டும் ஒரு வகுப்பைத் தேடுங்கள்.

நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை

தனியார் நிறுவனத்தில் படிப்பு விடுப்பு என்பது சட்டப்படியான உரிமை அல்ல. எச்.ஆர். சொன்னது அந்த அளவில் சரி. ஆனால் நீங்கள் சேர்த்து வைத்திருக்கும் ஈட்டிய விடுப்பு உங்களுடையது. 31 நாள் இருப்பில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ‘படிப்பு விடுப்பு’ என்ற சொல்லையே விட்டுவிடுங்கள். டிசம்பர் 20க்குப் பிறகு 20 நாள் ஈட்டிய விடுப்பு வேண்டும், அதற்கு முன் ஜி.எஸ்.டி. ஆண்டு அறிக்கையை முடித்துக் கொடுத்துவிடுவேன், டிசம்பர் மாத 3பியை இன்னார் பார்த்துக்கொள்வார் என்று ஆகஸ்டிலேயே மின்னஞ்சலில் கேளுங்கள். விடுப்பு கொடுக்கும் தேதியை முடிவு செய்யும் அதிகாரம் நிறுவனத்துக்கு உண்டு என்பதால்தான் நான்கு மாதம் முன்பே, எழுத்தில், அவர்கள் வேலை நிற்காது என்ற உறுதியோடு கேட்கச் சொல்கிறேன். எச்.ஆரிடம் போவதற்கு முன் உங்கள் பைனான்ஸ் மேலாளரிடம் நேரில் பேசுங்கள். அவரும் ஒரு காலத்தில் இந்தத் தேர்வை எழுதியவராக இருக்க வாய்ப்பு அதிகம்.

மூலச் சான்றிதழை வைத்துக்கொள்ளும் உரிமையை எந்தத் தொழிலாளர் சட்டமும் முதலாளிக்குத் தரவில்லை. ராஜினாமா செய்யும் நாளில் கேட்டால் அது சண்டையாகும். இப்போது, உறவு நன்றாக இருக்கும்போது, சொந்தத் தேவைக்காக வேண்டும், பதிலாகச் சான்றொப்பமிட்ட நகல் தருகிறேன் என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பி வாங்கிவிடுங்கள். மறுத்தால் அந்த மறுப்பும் எழுத்தில் இருக்கட்டும். அப்போது ஒரு தொழிலாளர் சட்ட வழக்கறிஞரைப் பார்க்கலாம், அதற்கு முன் தேவையில்லை.

பி.எஃப். பணத்தைத் தொடாதீர்கள். ஐந்து ஆண்டுத் தொடர் பணி முடியும் முன் எடுத்தால் அது வரிக்கு உட்பட்ட வருமானம். 50,000 ரூபாய்க்கு மேல் என்றால் பான் இருந்தாலும் 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். மாதாமாதம் ஊருக்கெல்லாம் டி.டி.எஸ். பிடிக்கிறவர் இதை மறந்தது, மனம் எவ்வளவு குழம்பியிருக்கிறது என்பதைத்தான் காட்டுகிறது. பணிக்கொடைக்கும் அதே ஐந்து ஆண்டுதான். உங்கள் அடிப்படைச் சம்பளம் 19,500 என்றால், அதை 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்தால் 11,250, ஐந்து ஆண்டுக்கு 56,250 ரூபாய். இன்னும் பத்து மாதம் இருந்தால் அது உங்கள் பணம். அந்தப் பத்து மாதத்துக்குள் ஜனவரி தேர்வும் வந்துபோகும், வேண்டுமானால் மே தேர்வும்.

முதல் குரூப் ஜனவரியில் முடிந்துவிட்டால், இரண்டாவதை மே மாதம் எழுதுவதா செப்டம்பரா என்பதை அப்போது பேசுவோம். அந்தக் கட்டத்தில் ஐந்து ஆண்டும் முடிந்து, கையில் ஒரு குரூப்பும் இருக்கும்போது, மூன்று மாதம் வேலையை விட்டுப் படிக்கிறேன் என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஜனவரியில் தவறினால், மே மாதமும் முதல் குரூப் மட்டும்தான். அப்போது ஏப்ரல் மாத ஆண்டு முடிவு வேலையோடு மோத வேண்டியிருக்கும் என்பது இந்தத் திட்டத்தின் பலவீனம். அதனால்தான் 31 நாள் விடுப்பில் 11 நாளை மிச்சம் வைக்கச் சொல்கிறேன்.

சி.எம்.ஏ. நல்ல படிப்பு, உற்பத்தித் தொழிலில் இருப்பவருக்கு இன்னும் பொருத்தம். ஆனால் 89 மதிப்பெண் தூரத்தில் நிற்பவர் வேறொரு வீட்டின் முதல் படியிலிருந்து ஏறத் தொடங்குவதற்குக் களைப்பைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. வயது பற்றிக் கேட்டீர்கள். பெரிய தணிக்கை நிறுவனங்கள் புதிதாகத் தேறியவர்களை எடுக்கும்போது முதல் முயற்சியில் தேறியவர்களுக்கு முன்னுரிமை தருவது உண்மை, அந்தக் கதவு உங்களுக்குக் குறுகலாகத்தான் இருக்கும். ஆனால் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் ஜி.எஸ்.டி., வங்கிக் கடன், தணிக்கை மூன்றையும் நான்காண்டு தனியாகப் பார்த்த ஒரு சி.ஏ.வை இந்தக் கொங்கு வட்டாரத்தில் தேடிக்கொண்டிருக்கும் நிறுவனங்களை எனக்கே தெரியும்.

நெஞ்சு படபடப்பு விஷயத்தைத் தேர்வுப் பயம் என்று நீங்களே முடிவுகட்ட வேண்டாம். ஒரு பொது மருத்துவரிடம் போய் ரத்த அழுத்தம், தைராய்டு, ரத்தச் சோகை பாருங்கள். உடலில் ஒன்றுமில்லை என்றால், 14416 என்ற எண்ணில் மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி கட்டணமின்றிக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

விடைத்தாள் நகலுக்கும் சரிபார்ப்புக்கும் முடிவு வெளியான நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் கடிதம் என் கைக்கு வந்தபோதே அதில் பத்து நாள் போய்விட்டது. முதல் வேலையாக அதை முடியுங்கள். நகல் வந்தபின் ஆடிட் தாளில் கொள்குறி எத்தனை, விரிவான விடை எத்தனை என்று எனக்கு ஒரு வரி எழுதினால், அடுத்து எதைப் படிப்பது என்று சொல்கிறேன்.